அங்கே என்ன இருக்கு?

“அங்கே என்ன இருக்கு?” என்பது கேள்வியே அல்ல. ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டு, அதில் நம் கையெழுத்தையும் வாங்கப் பார்க்கிற தந்திரம். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவனுக்கு, பதிலை எதிர்பார்க்காத கேள்வியை இனம் காண்பது கஷ்டமில்லை.

ஆறு மாதமாக இந்தக் கேள்விதான் எனக்குக் காலைப் பலகாரம். காரணம், எழுபத்துமூன்று வயதில் ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். போக நினைத்திருப்பது கயானா. காளவாசலில் என்னோடு காலையில் நடக்க வருகிறவர்களில் இருவர், அது ஆப்பிரிக்காவில் இருக்கிற கானா என்று நினைத்தார்கள். ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி, கினி நாட்டுக்கு டிக்கெட் விலை எடுத்து நீட்டினார். மூன்றும் வேறு வேறு நாடுகள் ஐயா.

கயானா தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கிறது. மேற்கே வெனிசுவேலா, கிழக்கே சூரினாம், தெற்கே பிரேசில். பிரிட்டிஷ் கயானா என்ற பெயரில் இருந்து 1966 மே 26-ல் சுதந்திரம் பெற்றது. தென் அமெரிக்காவிலேயே ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள ஒரே நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆனால் மக்கள்தொகை சுமார் எட்டு லட்சம்தான். நம் மதுரை மாநகராட்சியில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“சரி சார், அங்கே என்ன இருக்கு?”

இதே நண்பர்கள் போன வருஷம் ஐரோப்பா பேக்கேஜ் போய் வந்தார்கள். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு. காலை ஆறு மணிக்கு பஸ், ஊர் ஊராய் இறங்கி போட்டோ, ராத்திரி புளியோதரை. பாரிஸில் ஈஃபில் கோபுரத்தின் கீழே நின்ற படத்தை எனக்கும் அனுப்பினார்கள். அங்கே யாரோடு பேசினீர்கள் என்று கேட்டேன். “நம்ம குரூப்போடதான் சார், வேற யாரோட பேச?” என்றார் ஒருவர். இதில் தப்பு ஒன்றுமில்லை. சம்பாதித்த காசு, அவரவர் ஆசை. ஆனால் ஏழு நாடு போய் ஒரு மனிதரோடும் பேசாமல் திரும்பியவர், கயானாவைப் பார்த்து “என்ன இருக்கு” என்று கேட்டால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

என்ன இருக்கு என்று சொல்லத் தெரியாமல் இல்லை. கையேட்டூர் என்று ஓர் அருவி இருக்கிறது. ஒரே வீழ்ச்சியாக 226 மீட்டர் விழுகிறது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர். அதுபோல் நான்கு கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அருவியின் தலையை எட்டாது. தலைநகரம் ஜார்ஜ்டவுனில் மரத்தாலேயே எழுப்பிய பெரிய தேவாலயம் இருக்கிறது. கடற்கரைப் பூமி கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து சுவர் கட்டிக் கடலைத் தடுத்து, மதகு வைத்துத் தண்ணீரை வடிக்கிறார்கள். கண்மாயும் மடையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த மதகுகளைப் பார்த்தால் உடனே புரியும். இன்னொன்று, நம் பேட்டைக்காரர்களுக்காகவே சொல்கிறேன். அந்தக் கரையோரத்தில் கல் கிடைக்காது. அதனால் களிமண்ணைச் சுட்டு, அதைக் கொட்டித்தான் ஒரு காலத்தில் சாலை போட்டார்கள். செங்கல் சூளையால் பெயர் வாங்கிய காளவாசலில் குடியிருந்துகொண்டு இதை ரசிக்காவிட்டால் எப்படி?

ஆனால் அருவிக்காகவும் சுவருக்காகவும் நான் போகவில்லை. கேட்க வேண்டிய கேள்வி “என்ன இருக்கு” அல்ல, “யார் இருக்கா” என்பதுதான்.

வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1971-ல் வாடேகர் தலைமையில் நம் அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. நம் வெங்கட்ராகவன்தான் துணைத் தலைவர். கவாஸ்கர் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தது இந்த ஜார்ஜ்டவுனில்தான், 116 ரன். எதிரணியில் ரோஹன் கன்ஹாய் இருந்தார். அவர் கயானாவின் பெர்பீஸ் பகுதியில் போர்ட் மௌரன்ட் என்ற கரும்புத் தோட்ட ஊரில் பிறந்தவர். கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் என்று பெயர் வைத்தது இவரை நினைத்துத்தான். கன்ஹாய், காளிச்சரண் என்ற பெயர்களைக் கேட்டபோது, இவர்கள் எப்படி அங்கே போனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்?

அதே நாட்டில் வீராசாமி பெர்மால் என்று ஒரு சுழற்பந்து வீச்சாளர் வந்தார். பெர்மால் வேறொன்றுமில்லை, பெருமாள். 2015 முதல் 2020 வரை அந்த நாட்டின் பிரதமராக இருந்தவர் பெயர் மோசஸ் நாகமூட்டு. அதாவது நாகமுத்து. எங்கோ ஒரு துறைமுகத்தில், மேசைக்குப் பின்னால் என்னைப் போல் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். அந்த எழுத்துப்பிழை நூற்றைம்பது வருஷமாகக் குடும்பப் பெயராக நிற்கிறது.

நடந்தது இதுதான். பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்பு முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1838 மே 5-ல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல்கள் பிரிட்டிஷ் கயானா போய்ச் சேர்ந்தன. 1917-ல் நிறுத்தும்வரை போனவர்கள் மொத்தம் சுமார் 2,39,000 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம், மூன்று நான்கு மாதக் கடல் பயணம். பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னையிலிருந்து போனவர்கள் சுமார் 15,000 பேர். அவர்களையும் அவர்கள் வம்சத்தையும் அங்கே இன்றும் ‘மதராசி’ என்றுதான் சொல்கிறார்கள்.

என் சொந்தக் கணக்கும் இதில் ஒன்று இருக்கிறது. நான் பிறந்தது காரைக்கால். பள்ளிப்படிப்பு முழுக்கப் பிரெஞ்சு வழியில். எங்கள் பூகோளப் புத்தகத்தில் தென் அமெரிக்கப் படம் உண்டு. பிரெஞ்சு கயானாவின் தலைநகர் கயேன் எங்கே என்று இருட்டில் கேட்டாலும் காட்டுவோம். டிரைஃபஸைச் சிறை வைத்த தீவு அங்கேதான் என்பதும் மனப்பாடம். ஆனால் எங்கள் காரைக்காலிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் 1850-களில் தொடங்கி ஏழைத் தமிழர்களைக் கப்பலேற்றி அதே கயானாவுக்குக் கொண்டுபோனார்கள் என்று எந்தப் பாடத்திலும் ஒரு வரி கிடையாது. தோட்டத்திலும் தங்கம் தோண்டும் காட்டிலும் அவர்கள் செத்து விழுந்த வேகத்தைப் பார்த்து, 1876-ல் பிரிட்டிஷ் அரசாங்கமே இனி அங்கே ஆள் அனுப்பக் கூடாது என்று தடுத்தது. கரும்புக் காட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த அரசாங்கத்துக்கே பொறுக்கவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1981 ஜூன் 19-ல் நம் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் அந்தப் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்துதான் பறந்தது. அதன்பின் நம் செயற்கைக்கோள்கள் எத்தனையோ அங்கிருந்து போய்விட்டன. பத்திரிகைகளில் கூரூ என்ற பெயர் நமக்குப் பழக்கம். செயற்கைக்கோள் போன செய்தி தெரிகிறது, ஆள் போன செய்தி தெரியவில்லை.

“பிரெஞ்சு படித்தவர், பிரெஞ்சு கயானாவுக்கே போகலாமே?” என்றார் என் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் அங்கே எங்கள் ஊர்க்காரர்களின் தனிச் சமூகம் என்று சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டாமா? அந்த வீடு பக்கத்துக் கயானாவில் இருக்கிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியதால் பிஜி நமக்குத் தெரிந்தது. இவர்களுக்குப் பாட ஆள் இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த வாதம் எப்போதும் ஒன்றுதான். “அவங்களுக்குத் தமிழே தெரியாதாமே? அப்புறம் என்ன தமிழர்?”

தெரியாதுதான். ஆங்கிலப் பள்ளி, ஆங்கிலத் துரை, நாலு மொழிக்காரர்கள் ஒரே லயத்தில். அதில் தமிழ் கரைந்தது. ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பெங்களூரில் இருக்கிற பேரனுக்குத் தமிழில் பெயர் எழுத வருமா? இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம். யாரும் கட்டிப்போட்டுக் கொண்டுபோகவில்லை. இருபது வருஷத்தில் நாமே விருப்பப்பட்டுக் கைவிட்டதை, அவர்கள் நூற்றைம்பது வருஷத்தில் கட்டாயத்தால் இழந்தார்கள். அப்படியும் எதை விடவில்லை தெரியுமா? மாரியம்மனை விடவில்லை. வேப்பிலையை விடவில்லை. கரகத்தை விடவில்லை. தப்பு அடிப்பதை விடவில்லை, அங்கேயும் அதற்குத் ‘தப்பு’ என்றுதான் பெயர். அர்த்தம் தெரியாமலே தமிழ்ப் பாட்டை வாய்வழியாகப் பேரப்பிள்ளை வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

இதிலும் நம்மவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். “கிடா வெட்டுறாங்களாமே, சாமி ஆடுறாங்களாமே.” அங்கே உள்ள மற்ற இந்துக்களிலும் சிலர் நெடுங்காலம் அப்படித்தான் சுளித்தார்கள். நான் கேட்கிறேன், பாண்டி முனீஸ்வரர் கோயிலுக்குப் போகாத குடும்பம் நம் தெருவில் எத்தனை? இங்கே கிடா வெட்டினால் குலதெய்வம், அங்கே வெட்டினால் காட்டுமிராண்டித்தனமா?

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். போகிறவர்கள் “நம்ம ஆளுங்கதான் அந்த நாட்டையே உருவாக்கினாங்க” என்று மார் தட்டிக்கொண்டு இறங்கக் கூடாது. அந்தச் சதுப்பு நிலத்தை மனிதர் வாழும் பூமியாக்க, ஆப்பிரிக்க அடிமைகள் மண்வெட்டியால் வாரிக் கொட்டிய சேறு குறைந்தது பத்துக் கோடி டன் என்று அந்த நாட்டு வரலாற்று ஆசிரியர் வால்டர் ராட்னி எழுதியிருக்கிறார். அவர்கள் வெட்டிய வாய்க்காலில்தான் நம்மவர்கள் கரும்பு ஏற்றிய படகை இழுத்தார்கள். இன்றும் அங்கே இந்திய வம்சத்தார் சுமார் நாற்பது சதவீதம், ஆப்பிரிக்க வம்சத்தார் சுமார் முப்பது. இரு தரப்புக்கும் அரசியல் பகை உண்டு. விருந்தாளி அதில் எண்ணெய் ஊற்றக் கூடாது.

உறவுக்காரர் வீட்டுக்குப் போவதற்கு நம் ஊரில் ஒரு முறை இருக்கிறது. சொல்லிவிட்டுப் போக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. வைத்ததைச் சாப்பிட வேண்டும். அவர்கள் வீட்டுச் சமையலைக் குறை சொல்லக் கூடாது. என் பயணத் திட்டம் இந்த நான்கு விதிகளில்தான் நிற்கிறது. அங்கே இந்துக்கள் வீட்டு விசேஷங்களில் பெரிய தாமரை இலையில் சோறு போட்டு ஏழு கறி பரிமாறுகிறார்கள். புளியோதரைப் பொட்டலத்தை நான் எடுத்துப் போகப்போவதில்லை.

வெறுங்கையோடு போகக் கூடாது என்றேனே, என்ன கொண்டுபோவது? பட்டுப்புடவையும் குத்துவிளக்கும் பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம். நம்மிடம் மட்டும் இருப்பது வேறு. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் பதிவு உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதினார்கள். அவற்றில் எஞ்சியிருப்பவை ஜார்ஜ்டவுனில் வால்டர் ராட்னி பெயரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தன் பாட்டனின் பாட்டி எந்த ஊர் என்று தேடுகிற கயானாக்காரர், கிராமப் பெயரைக் கண்டுபிடித்தாலும் அது எது என்று அவருக்குத் தெரியாது. டிரிச்சினாபொலி, டாஞ்சூர், சிங்கிள்பட் என்று ஜில்லா பெயரைப் படித்துவிடலாம். அதற்குக் கீழே ஒரு குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி கிறுக்கிய கிராமப் பெயர் இருக்கிறதே, அதை யார் படிப்பது?

நாம் படிப்போம். அடங்கல், சிட்டா, எஃப்.எம்.பி. என்று ஆயுள் முழுக்கப் புரட்டியவர்கள் இதைப் படிக்கிற ஓய்வூதியர் கூட்டத்தில் எத்தனை பேர்! பழைய ஜில்லா எல்லை, பிர்க்கா, தாலுகா பிரிந்த கதை, ஒரு ஊருக்கு மூன்று பெயர் இருப்பது எல்லாம் நம் விரல் நுனியில் இருக்கிறது. நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு மாவட்டத்தின் புதுப் பெயரும் ஆன்லைன் எண்ணும் தெரியும். ‘உடையார்பாளையம்’ ஆங்கிலத்தில் சிதைந்து கிடந்தால் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்தக் கைப்பழக்கம் நம்மோடு போய்விடும். அதற்கு முன்னால் ஒரு வாரம் அந்த மேசையில் உட்கார்ந்து பத்துக் குடும்பத்துக்கு ஊர் காட்டிக் கொடுத்தால், ஏழு நாடு பார்த்ததைவிட அது பெரிசு.

மதுரைக்காரர்கள் பெரும்பாலும் இலங்கை, மலேயா, பர்மா என்று போனவர்கள்தான். அதனால் “நம்ம ஜில்லாக்காரர் அங்கே இருக்க மாட்டாரே” என்று தப்பிக்கப் பார்க்க வேண்டாம். ஆபீஸில் வந்து நின்றவரிடம், நீங்கள் என் ஊரா என்று கேட்டுவிட்டா ஃபைலை எடுத்தோம்?

இனி உண்மையான தடைகள். இவற்றை மறைத்து ஆசை காட்டினால் நானும் ஒரு பேக்கேஜ் ஏஜென்ட் ஆகிவிடுவேன்.

தூரம்: நேர் விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அந்த நாட்டு விசா வேண்டும். கயானாவுக்கும் விசா வேண்டும், தில்லியில் அவர்களுடைய தூதரகம் இருக்கிறது. செலவு: 2019 கடைசியில் கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய நாடு அது. 2022-ல் ஒரே வருஷத்தில் பொருளாதாரம் அறுபது சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்களால் தலைநகரில் ஹோட்டல் வாடகை ஏறிக் கிடக்கிறது. பாதுகாப்பு: இருட்டிய பிறகு ஜார்ஜ்டவுன் தெருவில் காலார நடக்கக் கூடாது. பருவம்: மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரையும், நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரையும் மழை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கயானாவை விட்டுக் கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால், ஊசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அது செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் டாக்டரைக் கேட்காமல் யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. என் டாக்டர், “எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்” என்றிருக்கிறார். அவர் வேண்டாம் என்றால் என் பயணம் அத்தோடு நின்றுபோகும். அது எனக்குத் தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே என்னை விடுங்கள். உங்களிடம் வருகிறேன்.

நம் வட்டாரத்தில் பிள்ளை அமெரிக்காவில் இல்லாத வீடு எது? பேரன் பிறந்தான் என்று நியூஜெர்சி போய் ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்கள். பாஸ்போர்ட்டில் பத்து வருஷ அமெரிக்க விசா இருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நாலு சுவருக்குள் சீரியல் பார்த்துக்கொண்டு, ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டு, “எப்படா ஊருக்குப் போவோம்” என்று எனக்கு வாட்ஸப்பில் புலம்புகிறீர்கள். நியூயார்க்கிலிருந்து ஜார்ஜ்டவுன் சுமார் ஐந்தரை மணி நேரப் பயணம். மதுரையிலிருந்து ரயிலில் சென்னை போவதைவிடச் சீக்கிரம். விமானத் தூரத்தில் பெரும்பகுதியைப் பிள்ளை போட்ட டிக்கெட்டிலேயே கடந்துவிட்டீர்கள்.

அதுவும் முடியாது என்றால், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் என்று ஒரு பேட்டை இருக்கிறது. கயானாவிலிருந்து குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. லிபர்ட்டி அவென்யூவில் கடை கடையாக அவர்கள்தான். விசா வேண்டாம், ஊசி வேண்டாம், பஸ்ஸும் ரயிலும் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கடையில் டீ சாப்பிட்டபடி, உங்கள் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். கிராமப் பெயர் எழுதிய ஒரு காகிதத்தின் நகலை அவர் மடித்து வைத்திருக்கவும் கூடும்.

அப்படி ஒரு காகிதம் கண்ணில் பட்டால், அவர் அனுமதியோடு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். காரைக்கால், தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்துக் கிராமம் என்றால் நானே பார்க்கிறேன். மற்ற ஜில்லாக்களுக்கு நம் பழைய ரெவின்யூ நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களை எழுப்பிவிடுவது என் பொறுப்பு. டெஸ்ட் ரிசல்ட் வருகிறவரை எனக்கும் வேறு வேலை இல்லை.